கோயில் எது: கூரையா, கூட்டமா?

கோயிற் கதவு பூட்டப்பட்டால் திருச்சபை எங்கே இருக்கின்றது? 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் உலகெங்கும் ஆலயங்களை அடைத்தபொழுது பலர் கேட்ட வினா இது. சொந்தமாக ஒரு கதவுதானும் இல்லாத ஒரு மக்களிடம் இதற்கு விடை தேடுவோம்.

பூட்டானின் தென்பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்கள், 1990ஐ அடுத்த ஆண்டுகளில் குடியுரிமை இழந்து வெளியேற்றப்பட்டனர். ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கிழக்கு நேபாளத்தின் ஜாப்பா, மொராங் மாவட்ட முகாம்களில், மூங்கிற் குடிசைகளில் ஏறக்குறைய 20 ஆண்டுகளைக் கழித்தனர். பின்னர் பிற நாடுகள் அவர்களை ஏற்றன. பெரும்பகுதியினர் அமெரிக்கா சென்றனர். அவர்களுள் சிறுபான்மையினரான கிறிஸ்தவர்கள் சென்ற இடமெல்லாம் சபையாகக் கூடினர். நேபாளத்தில் சனிக்கிழமையே வார விடுமுறையாக இருந்தமையால் அன்றே ஆராதித்துப் பழகியவர்கள், அமெரிக்கச் சபைகள் தம் கட்டிடத்தை ஒழித்துக் கொடுத்த நாளையும் நேரத்தையும் ஏற்றுக்கொண்டனர். ஓரிடத்தில் நிலைத்தார்களா? அதுவுமில்லை. உறவினரையும் தொழிலையும் மலிவான வீட்டையும் தேடி, ஒகாயோவின் கொலம்பஸ், பென்சில்வேனியாவின் ஹரிஸ்பர்க் போன்ற நகரங்களுக்கு மீண்டும் பெயர்ந்தனர்.

இந்நிலையிலேதான் நோய் வந்தது. இரவல் மண்டபங்கள் மூடப்பட்டன. செபம் தொலைபேசித் திரைக்கு மாறியது. "கட்டிடமா திருச்சபை? மக்களன்றோ!" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று.

ஆங்கிலம் அறியாத ஒரு முதியவளை எண்ணிப் பாருங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவர். பேரப்பிள்ளைகள் வேற்று மொழியில் பேசுவர். அவளை முறை சொல்லி அழைத்து, அவள் மொழியிலே நலம் விசாரிப்பது அந்த வாராந்தக் கூட்டம் ஒன்றே. தனிமை சிறு துன்பமன்று. 2009க்கும் 2012க்கும் இடையில் அமெரிக்காவில் இவ்வகதிகளுள் 16 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அந்நாட்டுப் பொது வீதத்திலும் இது அதிகமென அரச சுகாதார ஆய்வு கண்டது. கூடிவருதல் அவர்களுக்கு உயிர் காக்கும் காரியம்.

ஆனால் அதே கூட்டம் அதே முதியவளுக்கு நோயையும் கொண்டுவரக்கூடும். அன்பு ஒருபுறம் "கூடுங்கள்" என்கின்றது. மறுபுறம் "விலகி நில்லுங்கள்" என்கின்றது. எதைக் கேட்பது?

இரண்டும் அவளுக்காகவே சொல்லப்படுகின்றன என்பதை உணர்ந்தால் வழி பிறக்கும். ஓய்வுநாள் மனிதனுக்காகவே என்றார் ஆண்டவர், ஆலயமும் அப்படியே. கதவை அடைத்தது பாவமன்று. அடைத்தபின் அவளை மறந்தால் அதுவே பாவம். ஊர் பெயர்ந்தது குற்றமன்று. பின்தங்கியவரை எவரிடமும் ஒப்படையாமற் போனால் அதுவே குற்றம்.

இதற்குப் பழைய சாட்சியமும் உண்டு. 1769இல் காட்மண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து கப்புச்சின் குருக்கள் வெளியேற நேர்ந்தபொழுது, நேவார் இனக் கிறிஸ்தவர்களும் அவர்களுடன் புறப்பட்டனர். குருக்கள் அவர்களைக் கைவிடவில்லை. இந்தியாவின் பெத்தியாப் பகுதியில் குடியமர்த்தினர். அங்குள்ள சுகாரிக் கிராமத்தில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் விசுவாசத்தில் வாழ்கின்றனர்.

நம் கோயிற் கதவுகள் இப்பொழுது திறந்திருக்கின்றன. ஆனால் அந்நாட்களில் வீட்டோடு நின்றவர் எல்லோரும் திரும்பி வந்துவிட்டனரா? வராதவர் வீட்டுக்கு இவ்வாரம் யார் போகப்போகின்றோம்?