தசைநாணும் பிராரப்தமும்

கனத்த விளக்குகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பரணில் பொருத்தியவர்களும், நடனக் குழுவில் நின்று ஒரே அடவை விடியும்வரை திரும்பத் திரும்ப ஆடியவர்களும், ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவர்களும், நடிகர்களின் உடைகளை இரவோடிரவாகத் தைத்துக் கொடுத்தவர்களும் இன்றும் சென்னையின் சினிமாப் பேட்டையான கோடம்பாக்கத்தின் பல தெருக்களில் வசிக்கிறார்கள். அவர்களுடைய தேக சௌக்கியத்தை விசாரித்தால், தோளையோ முழங்கையையோ குதிகாலையோ தொட்டுக் காட்டி, ‘என்ன செய்வது, தலையெழுத்து’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தையைப் பொறுமையின் அடையாளமாகக் கொண்டு போற்றுபவர்கள் உண்டு. எனக்கோ அதைக் கேட்கும்தோறும் மனம் சமாதானம் அடைவதில்லை. துன்பமெல்லாம் பூர்வ கர்மத்தின் பலன் என்பது மெய்யானால் அதற்குச் சிகிச்சை தேடுவது தகுமா என்ற பழைய கேள்வியும், அதைவிடக் கடுமையான மற்றொரு கேள்வியும், அதாவது ஒருவனுடைய வேதனைக்குக் காரணம் கண்ணுக்கெதிரே இருக்கும்போது அதை விதியின் கணக்கில் எழுதுவது தர்மமா என்ற கேள்வியும், அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்து கிடக்கின்றன.

அவர்கள் தொட்டுக் காட்டும் அந்த இடங்களில் தசையை எலும்போடு பிணைத்து, தசையின் இழுப்பை எலும்பின் அசைவாக மாற்றித் தரும் வெண்மையான உறுதியான பட்டையே தசைநாண். வீட்டுப் பேச்சில் அதையும் நரம்பு என்றும் சவ்வு என்றும் சொல்லிவிடுகிறோம். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் இவற்றுள் பெரியவற்றைக் கண்டரம் என்ற பெயரால் பதினாறாக எண்ணியிருக்கிறார். கொலாஜன் என்னும் புரத இழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு உருவாகும் இந்த நாணுக்கு இரத்த ஓட்டம் சொற்பம். ஆகையால் அது பழுதடைவதும் மெதுவாக, பழுது தீர்வதும் மெதுவாக நிகழ்கிறது. கடும் வேலைக்குப் பிறகு நாணுக்குள் பழைய இழைகள் கரைவதும் புதியவை உண்டாவதும் ஒருங்கே தொடங்குகின்றன. ஆனால் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள்வரையில் கரைவதே மிகுதி, ஆக்கம் மேலோங்குவது அதன் பின்னர்தான். அந்த இடைவெளிக்குள்ளேயே மறுபடியும் அதே பாரம், மறுநாளும் அதே பாரம் என்று ஏற்றிக்கொண்டே போனால், கரைந்த மிச்சம் நாளுக்கு நாள் சேர்ந்துவிடுகிறது. குதிகாலுக்கு மேலுள்ள குதிநாண் நெடுநாள் வலித்தால் அதில் உள்ளது அழற்சி என்றே வைத்தியர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அவ்வலியின் அடியில் பெரும்பாலும் இருப்பது இழைகள் ஒழுங்கு குலைந்த சிதைவே என்று 1976-இல் இத்தாலிய மருத்துவர்கள் சிலர் எடுத்துரைத்தனர். முதுமையும் நீரிழிவும் இந்தச் சிதைவுக்குத் துணைபோகின்றன. சிப்ரோஃபிளாக்சசின் வகையைச் சேர்ந்த கிருமிக்கொல்லி மருந்துகளும் சிலருக்கு நாணைப் பலவீனப்படுத்தும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் இதைக் குறித்துக் கடுமையான எச்சரிக்கையை அந்த மருந்துகளின்மேல் பொறிக்கச் செய்தது.

இவையனைத்திலும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் ஆகாயத்தில் மிகுந்துபோன ஒருவகைக் கரியின் சுவடு, அக்காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தவர்களின் உடம்பிலும் பதிந்தது. அதை அளந்து பார்த்த டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள், குதிநாணின் நடுப்பகுதி ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் அமைந்துவிடுகிறது என்றும், அதன் பிறகு அது பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை என்றும் கண்டார்கள். தோலும் இரத்தமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் இளமையில் நெய்த அந்த நாணின்மேல்தான் மனிதன் கடைசிவரை நடக்கிறான். சஞ்சிதம், அதாவது சேர்ந்து கிடக்கும் பழவினை, என்று நம் முன்னோர் சொன்னதற்கு மாமிசத்தில் ஒரு சாட்சி வேண்டுமானால் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ‘முன்பே அமைந்ததை இனி மாற்ற முடியாது, அனுபவித்தே தீரவேண்டும்’ என்பவர்களுக்கு இது அனுகூலமான சாட்சியாகவும் தோன்றும்.

ஆனால் இந்த வழக்கு ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதையில் முன்பே விசாரிக்கப்பட்டிருக்கிறது. அதன் விமானஸ்தானம் என்ற பகுதியின் மூன்றாம் அத்தியாயத்தில், மனிதனுடைய ஆயுள் முன்னரே நிர்ணயிக்கப்பட்டதா என்று சீடர் அக்னிவேசர் கேட்க, குரு ஆத்ரேயர் மறுமொழி சொல்கிறார். முற்பிறவியில் செய்தது தைவம், இப்பிறவியில் செய்வது புருஷகாரம். இரண்டின் சேர்க்கையால்தான் ஆயுள் அமைகிறது. ஒன்று பலவீனமானால் பலமுள்ள மற்றொன்று அதை வென்றுவிடும் என்பது அவர் கூறும் நியாயத்தின் சாரம். அதற்கு அவர் வண்டியின் அச்சை உவமை காட்டுகிறார். நல்ல அச்சு, அளவான பாரத்தோடு செம்மையான பாதையில் ஓடினால் தேய்ந்து தேய்ந்து தனக்குரிய காலத்தில் முடிகிறது. அதே அச்சு, அதிக பாரத்தாலும் மேடுபள்ளத்தாலும் ஓட்டுபவனுடைய குற்றத்தாலும் நடுவழியில் முறிகிறது. தசைநாண் நோயை இவ்வளவு துல்லியமாக விளக்கும் உவமையை இன்றைய நூல்களில்கூட நான் கண்டதில்லை. அச்சின் மரம் தைவம் என்றே வைத்துக்கொள்வோம். பாரத்தை ஏற்றியவனும் வண்டியை ஓட்டியவனும் தைவமல்லர், மனிதர்கள்.

கோடம்பாக்கத்தாருக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதன்று. அவ்வூரைச் சேர்ந்த புலியூரில் பரத்வாஜேஸ்வரர் என்ற திருநாமத்தோடு ஈசன் கோயில் கொண்டிருக்கிறார். பரத்வாஜ முனிவர் அங்கே பூஜித்தார் என்பது ஐதிகம். அந்தப் பரத்வாஜரையே சரக சம்ஹிதை தன் முதல் அத்தியாயத்தில் நம் முன்னே நிறுத்துகிறது. தவத்துக்கும் விரதத்துக்கும் கல்விக்கும் நோய் இடையூறாக வந்தபோது, இமயமலைச் சாரலில் கூடிய ரிஷிகள் ‘இது நம் பிராரப்தம்’ என்று கலைந்து போய்விடவில்லை. இந்திரனிடம் ஆயுர்வேதத்தைக் கற்றுவரும்படி ஒருவரை அனுப்பினார்கள், அப்படிச் சென்றவர் பரத்வாஜர். கர்மக் கொள்கையை நம்மைவிட ஆழமாக நம்பியவர்களே சிகிச்சையைத் தேடிப் புறப்பட்டார்கள் என்றால், அந்தக் கொள்கையைக் காட்டி ஒரு தொழிலாளியை வைத்தியரிடம் போகவிடாமல் நிறுத்துவது எந்த ஆகமத்தில் அடங்கும்?

நோயை நிர்ணயிக்கும் முறையிலும் ஒரு தத்துவம் இருக்கிறது. நல்ல வைத்தியர் முதலில் கேட்பது, என்ன வேலை, எத்தனை நேரம், எப்போது வலிக்கிறது என்பவற்றைத்தான். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே இறுக்கமும் வலியும் கண்டு, நடக்க நடக்கத் தணிந்து, வேலைக்கு மறுநாள் மிகுந்து வருமானால் சந்தேகம் குதிநாணின்மேல் செல்கிறது. முழங்கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, வைத்தியர் தம் கையால் அதை அழுத்தித் தடுக்கும்போது முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் வலித்தால் அது டென்னிஸ் எல்போ. அப்பெயருக்குரிய ஆட்டத்தைக் கண்ணாலும் காணாத தச்சர்களுக்கும் தையற்காரர்களுக்கும் அது வருகிறது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் சுரீரென்று குத்தும் நோய், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மாரிடம் அதிகம். ஸ்கேன் படத்தில் நாண் தடித்திருப்பது தெரியும் என்பது உண்மையே. ஆயினும் எவ்வித வலியும் இல்லாதவர்களின் படத்திலும் அத்தகைய மாறுதல்கள் தெரிவதுண்டு. ஆகவே வலியை அறிய, வலிப்பவனைக் கேட்பதே முதற் பிரமாணமாக நிற்கிறது.

சிகிச்சையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வியப்பு மேலிடுகிறது. முழு ஓய்வு கொடுத்தால் நாண் இன்னும் பலவீனமடைகிறது. பழைய வேகத்திலேயே வேலையைத் தொடர்ந்தால் சிதைவு பெருகுகிறது. இரண்டுக்கும் நடுவழியாக, 1998-இல் சுவீடன் நாட்டு வைத்தியர் ஆல்ஃபிரெட்சன் குழுவினர் குதிநாண் வலிக்கென வெளியிட்ட முறையில், படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குவதை நாளொன்றுக்கு 180 முறையாகப் பன்னிரண்டு வாரம் செய்யவேண்டும். தாங்கக்கூடிய வலி இருந்தாலும் நிறுத்தலாகாது. அளவு தவறிய செயலால் வந்த நோயை அளவறிந்த செயலாலேயே தீர்ப்பது இது. இதைத் தபஸ் என்று சொல்வது மிகையாகாது. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. மணிக்கட்டிலும், மடக்கிய விரல் மாட்டிக்கொள்ளும் நோயிலும் அது நன்றாகவே உதவுகிறது. டென்னிஸ் எல்போவிலோ, சில வாரச் சுகத்துக்குப் பின், ஊசி போட்டுக்கொள்ளாதவர்களைவிடப் போட்டுக்கொண்டவர்கள் மோசமாகவே இருந்தார்கள் என்று 2010-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மறுநாள் படப்பிடிப்பு நடக்கவேண்டும் என்ற அவசரத்துக்காக ஒருவனுடைய மறு ஆண்டை அடகுவைப்பது அது. ஓடும்போதோ குதிக்கும்போதோ பின்னங்காலில் ‘பட்’டென்று அடித்தாற்போல் நாண் அறுந்துவிட்டால் மட்டும் பொறுமைக்கு இடமில்லை, எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டு காலம் கடத்தாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும்.

தொழிலுக்கேற்ற சாதனத்தைக் கேட்பதற்குப் பழங்கதையும் சான்று தருகிறது. சிவபூஜைக்காக, வண்டுகள் மொய்க்குமுன் அதிகாலையில் மரமேறிப் பூப்பறிக்க வேண்டியிருந்த வியாக்கிரபாத முனிவர், வழுக்கும் கிளையில் விழுவது தம் விதி என்று எண்ணவுமில்லை, பூஜையை விட்டுவிடவுமில்லை. வேலைக்கு ஏற்ற புலிக்காலை இறைவனிடம் கேட்டுப் பெற்றார். பக்தியின் பெருமையைச் சொல்லவே இந்தக் கதையை எடுத்துக்காட்டுவார்கள். தொழில் செய்பவனுக்குத் தொழிலைத் தாங்கும் சாதனத்தைக் கேட்கும் உரிமை உண்டு என்பதும் அதில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். அந்த உரிமை தெய்வத்திடம் செல்லுமானால் முதலாளியிடம் செல்லாதா?

பிராரப்தமாகிய நுகர்வினை நுகர்ந்தே தீரும் என்னும் சித்தாந்தத்தை நான் மறுக்கவில்லை. எனக்கு வந்த துன்பத்தை என் வினையென்று ஏற்பது எனக்குப் பக்குவம் தரலாம். பிறனுக்கு வந்த துன்பத்தை அவன் வினையென்று நான் தீர்ப்புச் சொல்வது என் கடமையிலிருந்து நான் தப்பும் வழியேயன்றி வேறில்லை. கால்ஷீட்டை வகுப்பவர் ஒரு விளக்குக்கு இரண்டு கைகளை அமர்த்தலாம், பரணுக்குக் கப்பி மாட்டலாம், தோளுக்கு மேல் தூக்கும் வேலையை ஒரே ஆளுக்கு நாள்தோறும் கொடாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். எல்லாவற்றிலும் கடினமானது வேறொன்று. பன்னிரண்டு வாரம் அளவோடு உழைத்தால் குணமாகும் என்று வைத்தியர் சொல்லும்போது, தினக்கூலிக்காரன் கேட்க நினைத்துக் கேளாமல் விடுவது, அந்தப் பன்னிரண்டு வாரமும் வீட்டில் உலை எப்படி வைப்பது என்பதைத்தான். அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள், அந்தத் தோள்களின்மேல் விளக்கேற்றிப் படமெடுத்தவர்களும், அந்த வெளிச்சத்தில் படம் பார்த்து மகிழ்ந்த நாமுமே ஆவோம்.