தாங்கலுக்கு வந்தால் மனமும் வரட்டும்



நம் தாங்கலில் உகப்படிப்பு நடக்கும் முறை உங்களுக்குத் தெரியும். முன்னால் நிற்பவர் ஒரு அடி சொல்ல, நாம் அதைத் திருப்பிச் சொல்கிறோம். காதில் வாங்கினால்தான் வாயில் வரும். கொஞ்ச நாளாக அந்தத் திருப்பிச் சொல்லும் சத்தம் குறைந்து வருகிறது. ஆள் குறையவில்லை. முப்பது பேர் நிற்கிற இடத்தில் பத்துப் பேர் குரல்தான் கேட்கிறது. சிலர் மடியில் இருக்கும் செல்போனைத் தடவிப் பார்க்கிறார்கள். சிலர் கை கூப்பித்தான் நிற்கிறார்கள், மனது ரப்பர் ஷீட் விலையில் நிற்கிறது.

செல்போன் மேல் மட்டும் பழி போட நான் எழுதவில்லை. அது வருவதற்கு முன்பும் படிப்பு நேரத்தில் சீட்டுக்காசு பேசினார்கள், தேங்காய் வெட்டு பேசினார்கள். இன்றைக்கு இளைஞர்களைத் திட்டுகிற பெரியவர்களே திருநாள் கணக்கு நோட்டை உச்சிப்படிப்பு நேரத்தில்தான் விரிக்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலு வேலை பார்ப்பவனைக் கெட்டிக்காரன் என்று ஊர் சொல்லிவிட்டது. நாமும் நம்பிவிட்டோம்.

அய்யாவின் தவசை நினைத்துப் பாருங்கள். 1833ஆம் ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டு வந்த அய்யா, இன்றைய சாமித்தோப்பில் ஆறு வருடம் தவசிருந்தார். முதல் இரண்டு வருடம் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு வருடம் தரையில். கடைசி இரண்டு வருடம் உயர்ந்த இருக்கையில். முதல் தவசு யுகத்துக்கு, நடுத்தவசு சாதிக்கு, பின்தவசு பெண்மக்களுக்கும் முன்னோருக்கும் என்று ஏட்டு விளக்கத்தில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மூன்று நோக்கத்தையும் ஒன்றாகக் கட்டி இரண்டே வருடத்தில் முடிக்க அய்யாவால் முடியாதா? வைகுண்டப் பரம்பொருளால் ஆகாத காரியம் உண்டா? ஆனாலும் அப்படிச் செய்யவில்லை. ஒன்று நிறைவேறிய பிறகே அடுத்ததற்கு இருந்தார். சாதிக் கொடுமையில் சனங்கள் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவசரம் இல்லாத காலமில்லை. இது என் சிற்றறிவுக்குப் பட்ட விளக்கம், ஏடு கற்றவர்கள் இன்னும் ஆழமாகச் சொல்வார்கள்.

அகிலத்திரட்டு நமக்குக் கிடைத்ததும் அப்படித்தான். தூங்கிக்கொண்டிருந்த அரிகோபாலன் சீடரை எழுப்பி, சொல்லச் சொல்ல எழுதவைத்தார் என்பது நம் நம்பிக்கை. 15,000 அடிக்கு மேல். ஓலையில் எழுத்தாணியால் கீறுவதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. சொல்கிறவர் பக்கம் முழுக் காதும் திரும்பியிருந்தால்தான் அது நடக்கும்.

போன வருடம் நம் தாங்கலில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன். தலைப்பாகை கட்டி, திருநாமம் இட்டு, முதல் தடவையாக முன்னால் நின்று படிப்புச் சொன்னான். ஒரு எழுத்து பிசகவில்லை. இரண்டு அடிக்கு ஒருமுறை தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். தகப்பன் முகம் அவனுக்குத் தெரியவில்லை, செல்போனின் முதுகுதான் தெரிந்தது. அவர் வீடியோ எடுத்து அப்போதே வளைகுடாவில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்ததும் பையன் ஓடிவந்து, “அப்பா, நல்லா படிச்சேனாப்பா?” என்று கேட்டான். “இரு மக்கா, மாமா என்ன சொல்லுதாருன்னு பாப்போம்” என்றார் அவர். பாசம் இல்லாத மனுஷன் இல்லை. பிள்ளைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். ஆனால் அந்தப் பிள்ளை வேறொன்றும் கேட்காமல் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு கஞ்சிப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஞாயிறு முன்னால் வந்து நிற்கச் சொன்னோம், மாட்டேன் என்றான்.

பள்ளியறையில் நாம் சிலை வைக்கவில்லை. கண்ணாடி வைத்திருக்கிறோம், இரண்டு பக்கமும் விளக்கு. நமக்குள் இருக்கிற அய்யாவைக் காண்பதற்காக. திருநாள் கூட்டத்தில் அதன் முன் நிற்க ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்திலும் பின்னால் வரும் வண்டிக்காரனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தால், அங்கே யாரைத்தான் காண்பது?

பணிவிடை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். கஞ்சி ஊற்றும்போது ஊற்றுகிற ஆளின் முகத்தைப் பாருங்கள். பந்தியில் இருப்பவர்களில் சிலர் அன்றைக்கு முதல் தடவையாகச் சாப்பிடுகிறவர்கள். சிலர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, போக இடம் தெரியாமல் வந்தவர்கள். “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்று முகம் பார்த்துக் கேட்டால், சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவார்கள். முற்றம் கூட்டும்போது கூட்டுங்கள். திருநாமம் இடும்போது பேச்சை நிறுத்துங்கள், அரை நிமிட வேலைதான். வீட்டில் விளக்கேற்றுகிற தாய்மார் அடுப்பில் பாலை வைத்துவிட்டு விளக்குக்கு வரவேண்டாம். பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு வந்தால் போதும்.

வருகிற கார்த்திகையில் சாமித்தோப்பில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். நம் தாங்கலிலும் ஏடு வாசிப்பு உண்டு. இந்தத் தடவை வாசல் நடையில் ஒரு பெரிய கடவப்பெட்டி வைக்கிறோம். செல்போனை அணைத்து அதில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். பொறுப்புக்கு இரண்டு பேர் இருப்பார்கள். வீட்டில் நோயாளியோ பிரசவ நேரத்துப் பெண்ணோ இருந்தால், தாங்கல் நம்பரை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஒரு போன் மட்டும் அணைக்கப்படாது, அழைப்பு வந்தால் உங்களிடம் வந்து சொல்வோம். கணக்கு நோட்டும் பட்டாபிஷேகம் முடிந்த மறுநாள்தான் திறக்கப்படும்.

அய்யா உண்டு.