சிலந்தியின் வீடும் நம் வீடும்

திருமறையின் 29ஆவது அத்தியாயம் சிலந்தியின் பெயரைத் தாங்கியது. அல்லாஹ்வை விட்டுப் பிறரைக் காவலராக்கிக் கொள்வோருக்கு அதன் 41ஆவது வசனம் சிலந்தியை உவமையாக்கி, வீடுகளில் மிகப் பலவீனமானது அதன் வீடே என்று உணர்த்துகிறது.

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இங்கே ஒரு சந்தேகம் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், எடைக்கு எடை பார்த்தால் சிலந்தி நூல் எஃகைவிட உறுதி என்று படிக்கிறோமே! அதன் வீடு எப்படிப் பலவீனமாகும்?” நியாயமான கேள்விதான். ஆனால் வசனம் பேசுவது வீட்டைப் பற்றி. நூலைப் பற்றி அல்ல.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தக்காளித் தோட்டத்திலோ கிளுவை வேலியிலோ விடிகாலையில் பார்த்தால் வட்ட வலைச் சிலந்தி கண்ணில் படும். 3,000க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட குடும்பம் அது. சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பசையில்லாத நூல்களை முதலில் இழுத்துக் கட்டும். பிறகு அவற்றின்மேல் பசை நூலைச் சுற்றிச் சுற்றிப் பின்னும். பல வகைகள் பழைய வலையைத் தாமே தின்று, அந்தச் சத்தைக் கொண்டே புது நூல் நூற்கின்றன. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை அது பிடிப்பதால் உழவருக்கும் நன்மையே.

இத்தனை வேலைப்பாடும் எதற்காக? பிடிப்பதற்காக! அந்த வலை வெயிலைத் தடுக்காது, மழையைத் தடுக்காது. உள்ளே வருவதெல்லாம் அங்கே இரையாகத்தான் எண்ணப்படும். பெண்ணைவிட மிகச் சிறிய ஆண் சிலந்தி, நூலை மெல்ல அசைத்துத் தன்னை அறிவித்தபடியே நெருங்குகிறது. அப்படியும் சில வகைகளில் பெண் அதைத் தின்றுவிடுகிறது. சிலந்திக்கு இதில் பாவமில்லை. படைத்தவன் அதற்கு விதித்த வழி அது. உவமை நமக்குத்தான்.

சகோதரர்களே! நம் வீடுகளின் சிமெண்டும் கம்பியும் உறுதிதான். ஆனால் மருமகளாக வாசல் ஏறும் பெண்ணை நாம் என்னவாகப் பார்க்கிறோம்? மஹர் கொடுக்க வேண்டியவன் மணமகன். சூரத்துன் னிஸாவின் 4ஆவது வசனம் அதை அவளுடைய உரிமையாக்கியிருக்கிறது. நாமோ நிக்காஹ் பதிவேட்டில் மஹரை எழுதிவிட்டு, அதைப்போல் பல மடங்கு கைக்கூலியைப் பெண் வீட்டாரிடம் வாங்குகிறோம். நாட்டின் சட்டமும் 1961ஆம் ஆண்டிலேயே தடுத்த காரியம் இது.

“நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள்” என்பார் சிலர். சிலந்தியும் யாரையும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. வலையை விரித்துவிட்டுக் காத்திருக்கிறது. ஊர் வழக்கம் என்ற வலை விரிந்திருக்கும்போது, ஏழைத் தகப்பன் எப்படித் தப்புவான்? மனமுவந்த அன்பளிப்பா, வலையில் விழுந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. அவள் வெறுங்கையுடன் வந்திருந்தால் இதே மரியாதை கிடைத்திருக்குமா என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நாவால் சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டுப் பணத்தை நம்பி இல்லறம் தொடங்குகிறவன் யாரைக் காவலனாக்கிக் கொள்கிறான்? அந்த வசனத்தின் கேள்வியும் இதுவே. வாங்காதவர்கள் உறுதியாக நிற்கட்டும். வாங்கியவர்கள் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கட்டும். நம் இல்லங்களை இரை தேடும் வலைகளாக்காமல், வருபவர்க்கு நிழல் தரும் வீடுகளாக்க வல்ல அல்லாஹ் தௌபீக் செய்வானாக! ஆமீன்.