முயற்சியும் அருளும்

மனிதன் தன் முயற்சியாலேயே கடைத்தேறுகிறானா, அல்லது தனக்குப் புறம்பான ஒரு பேரருளால் கரையேற்றப்படுகிறானா என்னும் வினா, சமயங்கள் தோன்றிய நாள்தொட்டுத் தீராத வழக்காகவே இருந்து வருகிறது. ஜப்பானிலே அது இரண்டு மார்க்கங்களாகப் பிரிந்து நின்றது: அசையாது அமர்ந்து தியானித்துத் தன் மனத்தைத் தானே வெல்லச் சொல்வது ஜென், சுயபலத்தை நம்புவதே மயக்கம், அமிதாப புத்தரின் கருணையைச் சரணடைவதே கதி என்பது 13ஆம் நூற்றாண்டில் ஷின்ரான் காட்டிய வழி. இவ்வழக்கில், ஜப்பான் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்து பயிற்சியாளரான யோஷிகாட்சு கவாகுச்சியின் வாழ்க்கையை ஒரு சாட்சியமாகக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

1996ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில், மயாமி நகரத்து மைதானத்தில், பிரேசில் வீரர்கள் 28 முறை கோலை நோக்கி உதைத்தும் ஒன்றையும் உள்ளே விடாமல் அவர் காத்து நிற்க, ஜப்பான் 1–0 என்று வென்றது. ஆயினும் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்ற அந்த அணி, கோல் வித்தியாசத்தால் அடுத்த சுற்றை எட்டாமலே ஊர் திரும்பிற்று. முயற்சி பூரணமாயிருந்தும் பலன் கைகூடவில்லை.

2004 ஜூலை 31 அன்று, சீனாவின் சோங்சிங் நகரில், ஆசியக் கோப்பைக் கால் இறுதியில் ஜோர்டானுடன் பெனால்டி உதைகள் நடந்தபோது, முதலில் உதைத்த ஜப்பானியர் இருவரும் புல்தரையில் கால் வழுக்கிப் பந்தை வீணாக்கினர். அணித் தலைவர் மியாமோட்டோ நடுவரிடம் முறையிட, உதைகள் எதிர்ப்புறக் கோலுக்கு மாற்றப்பட்டன. இன்னொரு கோல் விழுந்தால் ஆட்டமே முடிந்தது என்னும் நிலையில் கவாகுச்சி பாய்ந்து தடுத்தார். பின்னும் ஒன்றைத் தடுத்தார். ஜோர்டானின் கடைசி உதை தானே குறி தவறிற்று. ஜப்பான் 4–3 என்று வென்றது. வழுக்கி விழுந்தவர்களுக்குக் கவாகுச்சியின் பாய்ச்சல் அருளாக வந்தது. கவாகுச்சிக்கோ, தலைவரின் முறையீடும் எதிரியின் தவறும் அருளாக வாய்த்தன. ஆனால் அவர் பாயாதிருந்தால், அந்த அருள் வந்திறங்க இடமே இருந்திராது.

நான்கு உலகக் கோப்பைகளுக்குத் தேர்வானவர், 1998லும் 2006லும் மட்டுமே களம் கண்டார். 2002லும் 2010லும் வெளியிலேயே அமர்ந்திருந்தார். 2010இல் மூன்றாவது கோல்கீப்பராகச் சென்றும், அணியின் தலைமைப் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆடாதவனுக்கும் ஆட்டத்தில் பங்குண்டு என்பதை அவர் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

116 சர்வதேச ஆட்டங்களுக்குச் சொந்தக்காரரான அவர், 2018இல் ஓய்வுபெற்றுப் பயிற்சியாளரானார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூஸிலாந்துடனான கால் இறுதியும் பெனால்டி உதைகளுக்கே சென்றது. நாளோ 2021 ஜூலை 31, சோங்சிங் ஆட்டம் நடந்து சரியாகப் பதினேழாண்டுகள். அன்று ஓர் உதையைத் தடுத்தவர், அவரிடம் பயின்ற இளம் கோல்கீப்பர் கோசெய் தானி. ஜப்பான் 4–2 என்று வென்றது. அந்தத் தடுப்பில் ஆசிரியரின் பங்கு இவ்வளவென்று அளந்து சொல்ல எந்தக் கணக்கும் இல்லை.

ஆகவே, முயற்சியும் அருளும் இரண்டு மார்க்கங்கள் அல்ல என்பதே என் முடிபு. ஒருவன் பலனைக் கருதாது செய்த முயற்சியே, மற்றொருவனுக்கு அருளாகப் போய்ச் சேர்கிறது.