மைல்களும் மாசற்ற இன்பமும்

கடனட்டையால் பொருள் வாங்குவோர்க்கு வங்கிகள் விமானப் பயண மைல்களை வெகுமதியாக அளிக்கின்றன. பொருளே வாங்காது அம்மைல்களைச் சேர்ப்பது தகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாணயச்சாலை 2008-இல் ஒரு டாலர் நாணயங்களை அஞ்சற் செலவின்றி வீட்டிற்கே அனுப்பலாயிற்று. அவை மக்களிடையே புழங்க வேண்டுமென்பதே நோக்கம். சிலரோ கடனட்டையால் அவற்றை வாங்கி, அப்படியே வங்கியிலிட்டுக் கடனை அடைத்து, மைல்களைத் தமதாக்கினர். 2011 ஜூலையில் அட்டைவழி விற்பனை நின்றது.

நம் நாட்டில் இது வாடகை வேடம் பூண்டது. சித்தூரிலுள்ள ஒருவர் திருப்பதியிலுள்ள மைத்துனருக்கு, இல்லாத வீட்டிற்கு வாடகை செலுத்துவதாகக் கொள்வோம். மறுநாளே பணம் திரும்பி வந்து அவருடைய வைப்பில் சேரும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியபின் பல செயலிகள் இச்சேவையை நிறுத்தின.

விதி தடுத்ததனால்தான் இது தவறாயிற்றா? அன்று. ‘வங்கி ஏழையன்று, யாருக்கு நட்டம்?’ என்பர் சிலர். இரண்டாம் சீலம் உடையவன் செல்வனா என்று வினவுவதில்லை. கொடுக்கப்பட்டதா என்றே வினவுகிறது. நாணயம் கொண்டோர் ஒரு பொருளையேனும் வாங்கினர். அது எதற்காகத் தரப்பட்டதென்பதை மட்டும் அறிந்தே மறந்தனர். பொய் வாடகை செலுத்தியவர்க்கோ நான்காம் சீலமும் பழுதாயிற்று.

பகவான் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தாரின் இன்பங்கள் நான்கென உரைத்தார்: பொருளுடைமை, துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை. இறுதியானதே தலையாயது என்றார். ரேணிகுண்டா நிலையத்தில் இலவசமாய் வந்திறங்குவோர்க்கு முதல் மூன்றும் கிட்டலாம். நான்காவதை எந்த மைலும் ஈட்டித் தராது.