மணலில் கேட்காத சான்று

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையைப் பாருங்கள். சேலைகளே கூடாரமாக இரவைக் கழித்து, ஈர மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியலில் அலையோரம் தாலி கட்டுகிறார்கள் இருளர் பழங்குடியினர். தெய்வம் பெண், கோயில் மணல், பூசாரியும் அவர்களே. அங்கே எவரும் எவரிடமும் சான்று கேட்பதில்லை. ஊர் திரும்பியதும், உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் தாம் இன்னார் என்று அதே மக்கள் தாளில் நிரூபிக்க வேண்டும். பாம்பு பிடிக்கும் திறனுக்காகச் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ தந்து நாடு பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் பங்குள்ள அதிகாரிகளே, மனு கொடுத்துக் காத்திருக்கும் இருளர் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழை அலைக்கழிக்காமல் கொடுத்துவிடுங்கள்.