பெருவிலங்கை எழுப்பியவர் யார்?

அச்சம் தமக்கு வேண்டாத ஒன்று என்றே மக்கள் எண்ணுகின்றனர். ஆயினும் அதனைக் காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. திரையரங்கின் இருளில் அமர்ந்து, மலையளவு விலங்கொன்று மாநகரை மிதித்து வரக் கண்டு நடுங்கி, நடுங்கியவாறே மகிழ்ந்து வீடு திரும்பும் மக்களை எந்நாட்டிலும் காணலாம். கோலார் தங்க வயலில் வாழும் தமிழராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். பாறையைக் குடைந்து பிழைத்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு வாழ்க்கையே போதிய அச்சத்தைத் தந்திருக்க, திரையிலும் அச்சத்தைத் தேடுவானேன்? ஊர்கள் அழியக் கண்டு பெறும் இன்பம் நேரிய இன்பம்தானா? இவ்விரு வினாக்களையும் இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறத்தற்குரிய இடங்கள் நான்கு என்றும் வகுத்தார். அணங்கு ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறைவர் ஒன்று. அவ்வெட்டனுள் மருட்கை என்னும் வியப்பும் அடங்கும். புதியது கண்டபோதும், மிகப் பெரியது கண்டபோதும், மிகச் சிறியது கண்டபோதும், ஒன்று வேறொன்றாக மாறக் கண்டபோதும் அது தோன்றும் என்பது அவர் கருத்து. பெருவிலங்குப் படங்களின் கவர்ச்சிக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. திரையில் எழும் அவ்வுரு விலங்காகவும் இருக்கிறது. அணங்கின் தன்மையும் கொண்டிருக்கிறது. புதியது, பெரியது, இயல்பு திரிந்தது. அச்சமும் வியப்பும் ஒரே நொடியில் நம்மைப் பற்றிக்கொள்கின்றன. எஞ்சி நிற்பவை கள்வரும், ஆள்வோரும், மிகச் சிறியதும் ஆகிய மூன்றே. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘கிங் காங்’ இவ்வகைப் படங்களுள் தலையாயது. இரண்டாண்டுகளுக்கு முன்பே திறக்கப்பெற்ற எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் மாபெருங் குரங்கு நின்று விமானங்களோடு பொருத காட்சியை உலகம் இன்னும் மறக்கவில்லை. அக்குரங்கின் பெரும்பாலான அசைவுகளுக்குப் பயன்பட்டவை ஒன்றரை அடி, இரண்டடி உயரமுள்ள பொம்மைகளே. வில்லிஸ் ஓ பிரையன் என்னும் கலைஞர் அவற்றைச் சிறிது சிறிதாக அசைத்து அசைத்துப் படம் பிடித்து உயிரூட்டினார். அக்குரங்கு தானாக நகரத்தை நாடி வரவில்லை. தன் தீவில் கிடந்த அதனைச் சங்கிலியிட்டுக் கொணர்ந்து காட்சிப் பொருளாக்கியவர் மனிதர். ஆதலின் அது வீழும்போது நமக்கு நிம்மதி தோன்றவில்லை, இரக்கமே தோன்றுகிறது.

இவ்விரக்கம் தமிழர்க்குப் புதிதன்று. அண்ணன் செய்தது தவறெனத் தெரிந்தும், உண்ட சோற்றுக்கு உயிர் கொடுக்கப் போர்க்களம் புகுந்த கும்பகருணனைக் கம்பர் காட்டினார். அரக்கன் என்று நாம் அவனை வெறுத்ததில்லை. 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கசனாகத் தோன்றிய எஸ். வி. ரங்காராவ், திருமண விருந்து முழுவதையும் தாமே உண்டு தீர்த்தபோது சிறுவரும் முதியவரும் ஒருங்கே சிரித்தனர். பெரிய உருவம் என்றாலே தீய உருவம் என்று நம் மரபு கொள்ளவில்லை.

இன்னும் பழைய சான்றொன்று உண்டு. புகார் நகரத்துச் சதுக்கத்தில் பூதமொன்று நின்றதாகச் சிலப்பதிகாரம் கூறும். பொய்த்தவ வேடத்தார், பிறர்மனை நயப்போர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைக் கயிற்றால் கட்டிப் புடைத்து உண்பது அதன் தொழில். ஒருமுறை பொய்ச்சான்று கூறிய ஒருவனை அது பற்றியது. அவன் தாயின் துயர் கண்டு பொறாத கோவலன், தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டினான். தீயவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரைக் கொள்ளுதல் தனக்கு முறையன்று எனப் பூதம் மறுத்துவிட்டது. நம் முன்னோர் கண்ட பூதம் அத்தகையது. குற்றம் உள்ளவனை அது விடாது, குற்றமற்றவனைத் தொடாது. அதனிடம் அஞ்சி வாழ்வதும் அறத்திற்கு அஞ்சி வாழ்வதும் ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டின் பூதமோ வேறு வகையினது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினித் தீவுத்திட்டில் அமெரிக்கா நீர்வாயுக் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது வெண்சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிரியக்க நோயுற்றனர். செப்டம்பரில் அவர்களுள் ஒருவர் இறந்தார். அவ்வாண்டே நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டா இயக்கிய ‘கோஜிரா’ ஜப்பானில் திரையிடப்பெற்றது. பிற நாட்டார் அதனைக் காட்ஜில்லா என்றனர். குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழுப்பப்பட்ட, 50 மீட்டர் உயரமுள்ள விலங்கு தோக்கியோ நகரை அழிப்பதே கதை. ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடைக்குள் ஒரு நடிகர் புகுந்து, சிறிதாகச் செய்த நகரத்தை மிதித்து நடந்தார். பெரிய நரம்பிசைக் கருவியொன்றின் தளர்த்திய நரம்புகளைப் பிசின் பூசிய தோலுறையால் உராய்ந்து அதன் கர்ச்சனையை உண்டாக்கினர். செய்முறை எளிது, சொல்லவந்த செய்தி எளிதன்று.

ஏனெனில் இந்தப் பூதம் குற்றவாளியைத் தேடிச் செல்லவில்லை. குண்டு வெடித்தவர் ஓரிடத்தில் இருக்க, மிதிபட்டவர் வேறிடத்தில் இருந்தனர். எரியும் தெருவில் பிள்ளைகளை அணைத்தவாறு சாவை எதிர்நோக்கும் தாய் எக்குற்றமும் செய்தவள் அல்லள். சதுக்கப் பூதம் முறையன்று என மறுத்த அதே உயிர்ப்பலியைப் புதிய பூதம் தயங்காமல் ஏற்கிறது. ஒருவர் செய்த வினையைத் தொடர்பில்லாத மற்றொருவர் நுகரும் காலம் வந்துவிட்டது என்பதே அப்படத்தின் உட்பொருள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குத் தொழில் தொடங்கியது. பின்னர் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் திரண்டு வந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பெறும்வரை ஏறத்தாழ 800 டன் பொன் மண்ணிலிருந்து எடுக்கப்பெற்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கண்டது. அங்குப் பாறையின் வெம்மை 60 பாகை செல்சியசைக் கடந்தது. மேலிருக்கும் மலையின் சுமை தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். மேலே ஊரிலிருக்கும் வீடுகளும் அதிரும். அடுப்படியில் நின்ற பெண், கூண்டிலேறிக் கீழே சென்ற கணவனை எண்ணி அப்படியே நின்றுவிடுவாள். காட்ஜில்லா நடந்தாலும் தரை இப்படித்தான் அதிரும். ஒரே வேறுபாடு, திரையில் அடுத்த நொடி விலங்கின் முகம் தெரியும். இங்கோ எம்முகமும் தெரியவில்லை.

பாறை வெடிப்பேனும் ஓசையோடு வந்தது. ஓசையே இல்லாமல் வந்தது தூசி. 1940-களில் 7,600-க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, 100-க்கு 40 பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி நோய் காணப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத துகள் மார்புக்குள் படிந்து, ஆண்டுகள் பல கடந்தபின் மூச்சை அடைத்தது. தொல்காப்பியர் கூறிய மிகச் சிறியதை இங்கே காண்கின்றோம்.

மிகச் சிறியது வியப்பையும் தந்ததுண்டு. 1965-இல் இதே சாம்பியன் ரீஃபில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகள் அமைத்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். தானே புலப்படாத அத்துகளை, அதனால் பிறந்த வேறொரு துகள் கருவியில் எழுப்பிய ஒளிக்கீற்றைக் கொண்டே அவர்கள் அறிந்தனர். கலையும் அதனையே செய்கிறது. காண முடியாத கதிர்வீச்சுக்கு ஜப்பானியக் கலைஞர் காலும் வாலும் வாயும் அமைத்துக் காணச் செய்தனர்.

நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. முகமில்லாத அச்சத்தோடு வாழ்பவனுக்கு முகமுள்ள அச்சம் ஓர் ஆறுதல். அதனைச் சுட்டிக் காட்டலாம், பெயரிட்டு அழைக்கலாம், இரண்டு மணி நேரத்தில் அது வீழ்வதையும் காணலாம். நாள் முழுதும் கல்லோடு போராடிய மனிதன் ஞாயிற்றுக்கிழமை அரக்கன் கதை பார்த்துக் கைதட்டினால் அதனை இழிந்த சுவை எனல் தகாது. அவன் அழிவை விரும்பவில்லை. அழிவுக்கு ஒரு முடிவு உண்டு என்பதையே கண்ணாரக் காண விரும்புகிறான்.

ஆயின் ஆறுதல் உறக்கமாகிவிடும் இடரும் உண்டு. விலங்கு வீழ்ந்தது, விளக்குகள் எரிந்தன, இனி அச்சமில்லை என்று எழுந்து வருபவன் பாதிப் படத்தையே பார்த்தவன். ‘கோஜிரா’வின் இறுதியில், விலங்கை அழிக்கும் ஆற்றலைக் கண்டறிந்த செரிசாவா என்னும் அறிஞர், அவ்வாற்றல் நாளை அரசுகளின் கையில் புதிய படைக்கலமாகும் என அஞ்சித் தம் குறிப்புகளை எரிக்கின்றார், கடலடியில் விலங்கோடு தாமும் மாய்கின்றார். சோதனைகள் தொடருமாயின் இன்னொரு விலங்கு எழக்கூடும் என்று மற்றோர் அறிஞர் கவலையுறுவதோடு படம் முடிகிறது. எப்படிக் கொல்வது என்ற வினாவைவிட எழுப்பியவர் யார் என்ற வினாவே பெரிதென்று அப்படம் உணர்த்துகிறது.

2016-இல் வெளிவந்த ‘ஷின் காட்ஜில்லா’வில் விலங்கு நகருக்குள் நடந்துகொண்டே இருக்க, அதிகாரிகள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கூட்டம் கூடிக் கூடிச் செல்கின்றனர். மத்திய அரசின் எழுத்தராய்க் கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் நமக்கு அக்காட்சியில் சிரிப்பும் வந்தது. சிரித்து முடிக்கு முன் சுருக்கென்றும் தைத்தது. தீமை என்பது எப்போதும் பல்லும் நகமும் கொண்டு வருவதில்லை. முடிவெடுக்காத குறிப்பாகவும், அடுத்த மேசைக்குத் தள்ளிய தாளாகவும் அது வரலாம்.

நம் ஊரின் புறத்தே நிற்கும் சயனைடு மலைகளை எண்ணிப் பாருங்கள். கல்லைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு, 3 கோடி டன்னுக்கு மேல் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. காற்று வீசும் மாதங்களில் அதன் தூசி வீட்டுத் திண்ணையிலும் சோற்றுத் தட்டிலும் படிகிறது. 2018-இல் வந்த ‘கே.ஜி.எஃப்.’ என்னும் கன்னடப் படத்தினர் இங்கேயே வந்து காட்சிகள் எடுத்தனர். 2024-இல் வந்த ‘தங்கலான்’ படமோ, புதையலைப் பூதம் காக்கும் என்னும் நம் பழைய நம்பிக்கைக்கு இணங்க, பொன்னைக் காக்கும் அணங்கொன்றை இம்மண்ணின் கதைக்குள் நிறுத்தியது. அணங்கும் அரக்கரும் திரைக்கு வந்துவிட்டனர். குன்று மட்டும் எழுந்து நடக்கவில்லை, கர்ச்சிக்கவில்லை. ஆதலின் அதற்கு அஞ்சவேண்டும் என்பதே நமக்குத் தோன்றாமல் போகிறது. அதன் சரிவில் நம் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றனர்.

அதனை எழுப்பியவர் யார்? நம் பாட்டன்மாரின் கைகள் எழுப்பின என்பது உண்மை. ஆயின் எழுப்பப் பணித்தவரும், பொன்னைக் கொண்டுசென்றவரும், கழிவைக் கைவிட்டவரும் அவர்கள் அல்லர். தொல்காப்பியர் கூறிய அச்சத்தின் எஞ்சிய இடங்கள் இரண்டு. அவற்றுள் கள்வர் எங்கே நின்றனர், ஆள்வோர் எங்கே நின்றனர் என்று வரலாற்றைப் படித்து ஒவ்வொருவரும் தெளிதல் வேண்டும். கூலி பெற்றவனையும் கொள்ளை பெற்றவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது சதுக்கப் பூதத்தின் நீதிக்கும் பொருந்தாது.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருத்தல் பேதைமை என்றார் வள்ளுவர். எதற்கு அஞ்சுவது என்று அறிதலே கல்வி. நம் பிள்ளைகள் தமிழில் பேசும் காட்ஜில்லாவையும் கிங் காங்கையும் விரும்பிப் பார்க்கின்றனர், பார்க்கட்டும். பாழ்ப்படம் என்று தொலைக்காட்சியை அணைத்துவிடுவதால் பயனில்லை. அருகில் அமர்ந்து, இவ்விலங்கு எங்கிருந்து வந்தது, யார் இதனை எழுப்பினர், மிதிபட்டவர் என்ன தவறு செய்தனர் என்று கேட்போம். அவ்வினாக்களுக்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை, ஒரு நாள் சன்னலைத் திறந்து எதிரே வெளிறி நிற்கும் குன்றைக் காட்டி, அதே வினாக்களை நம்மிடம் கேட்கும். அதற்குரிய விடையைப் பெற்றோராகிய நாம் இன்றே தேடிவைத்தல் நன்று.